ஐம்பத்தைந்து நாள் முட்டைகள்

என் அம்மா வதீதா முட்டையைக் கழுவ மாட்டாள். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் ஒரே ஒரு முறை துடைப்பாள். அதற்கும் போகாவிட்டால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். ஓட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் அது போய்விடும், போனால் ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே இறங்கும் என்று மின்யா தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விடுமுறைக்கு வந்தபோது அதை அவளிடம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "இதைச் சொல்றதுக்கா ரெண்டு வருஷம் உன்னைப் பெஞ்சுல உட்கார வெச்சாங்க?" என்றாள்.

எங்கள் ஊர் நஸ்லத் ஷுக்ரி. எங்கள் தெருவில் எட்டு வீடுகள், எட்டும் காப்டிக் வீடுகள், எகிப்தின் பழைய கிறிஸ்தவர்கள். எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் கோழி உண்டு. தெருவில் அவளை வதீதா என்று யாரும் கூப்பிட்டதில்லை. மூத்த மகன் பெயரைச் சொல்லி உம்மு நாஷித் என்பார்கள். பதினேழு வயதில் கல்யாணமாகி வரும்போது கூடையில் நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் கொண்டுவந்தாள். சின்ன உடம்பு, நீளக் கால், எந்த நோய்க்கும் சாகாத இனம். முப்பது வருஷத்தில் தெருவிலுள்ள எல்லாக் கோழிகளும் அந்த ஐந்தின் வழிவந்தவை ஆகிவிட்டன. கால்வாய் தூர்வாரும் வேலையில் இருந்த அப்பா, நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் நாஷித், நான், அம்மா, கோழிகள்.

கோழிகளுக்குப் பெயர் வைப்பாள். அதிகம் கத்தும் கோழிக்கு எதிர்வீட்டு மத்தில்தாவின் பெயர். மத்தில்தாவுக்கு அது தெரியும். பதிலுக்கு அவள் தன் கழுதையை வதீதா என்று கூப்பிடுவாள். இரண்டு பேரும் மாடியில் நின்றுகொண்டு ஒருவர் பெயரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். பிறகு கீழே வந்து சேர்ந்து ரொட்டி சுடுவார்கள்.

தெருவில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. யாரும் நியமித்ததல்ல, தானாக வந்தது.

பெரிய நோன்பு எங்களுக்கு ஐம்பத்தைந்து நாள். இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. கோழிகளுக்கு நோன்பு கிடையாது. பகல் நீள ஆரம்பித்ததும் அவை இட்டுத் தள்ளும். வருஷத்திலேயே அதிக முட்டை கிடைக்கும் நாட்களில்தான் எங்களில் யாரும் முட்டையைத் தொட முடியாது. அடுப்படியில் கிண்ணம் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அவரைப்பருப்பு போடுவது எந்தத் தாய்க்கும் கஷ்டம். அதனால் ஏழு வீட்டுப் பெண்களும் வாரத்துக்கு ஒருமுறை தங்கள் முட்டைகளை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை அவள் அதைத் திருப்பித் தருவாள். அதுவரை ஒரு முட்டைகூடக் கெட்டதில்லை.

அவள் முட்டை வைக்கும் அறை வீட்டின் வடக்கு மூலையில், இரண்டு படி கீழிறங்கி இருக்கும். சுடாத மண்கல் சுவர், கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அங்கே மூன்று பெரிய மண்ஜாடிகள். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பின் மிச்சச் சூட்டில் கோதுமைத் தவிட்டைக் காயவைத்து ஆறவிடுவாள். ஜாடியில் ஒரு சாண் தவிடு, மேலே முட்டை, கூர்முனை கீழே, ஒன்றோடொன்று படாமல். மறுபடி தவிடு. ஒவ்வொரு முட்டையையும் உள்ளே வைக்கும் முன் சுவர்த் துவாரத்தில் விழும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். விரிசல் உள்ளதும், கரு கட்டத் தொடங்கியதும் ஒதுக்கப்படும். ஒதுக்கியதைப் பக்கத்துத் தெரு முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவாள். ஒவ்வொரு வீட்டுக்கும் கரிப்பென்சிலால் ஒரு குறி. பக்கத்து வீட்டு ஃபாயிகாவுக்கு ஒரு கோடு, மத்தில்தாவுக்கு வட்டம், இப்படி. எங்கள் முட்டைக்குக் குறி கிடையாது.

அந்த அறைக்கு ஆண்கள் போவதில்லை. தடை ஒன்றும் இல்லை. அப்பாவும் போனதில்லை, நாஷித்தும் போனதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு முட்டை என்பது தட்டில் வரும் பொருள்.

நான் படிப்பு முடித்துக் கெய்ரோவுக்குப் போனேன். ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. வரும் மாவிலும் முட்டைப் பொடியிலும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. அம்மா தெருவில், "என் பொண்ணு மெஷினுக்குள்ள முட்டைய வெச்சா, எந்தக் கோழி, எந்த ஊருன்னு அது சொல்லிடும்" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்படி ஒரு மெஷின் இல்லை என்று நான் பலமுறை சொன்னேன். அவள் கேட்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலை பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். அம்மா முதல் ஜாடியைத் திறந்தாள். வாடை வந்தது. மேல் அடுக்கில் இரண்டு முட்டைகள் வெடித்து, சுற்றியிருந்த தவிடு ஈரக்கட்டியாக இருந்தது. எல்லோரையும் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு அப்போது வலது கண்ணில் புரை. இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினாள். மற்றதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தாள். எங்கள் பங்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஒதுக்கியது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐம்பத்தைந்து நாளுக்குப் பிறகு தெருவே முட்டையை உரித்தது. முக்கால்வாசி வீடுகளில் உரித்த கையோடு எழுந்து வெளியே வந்தார்கள். மத்தில்தா வீட்டில் அன்று அவள் மகளுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையின் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முதல் முட்டை. அது உள்ளே பச்சையும் சாம்பலுமாக இருந்தது. கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் அந்த மேசையில் அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. மத்தில்தா எங்கள் வாசலுக்கு வந்து, வழக்கமான சண்டைக் குரலில் இல்லாமல் மெதுவாகவே சொன்னாள்: "நமக்கு ஐம்பத்தஞ்சு நாள் நோன்பு பத்தாதுன்னு உம்மு நாஷித்துக்குத் தோணிடுச்சு போல." தெரு சிரித்தது. அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் அந்த வாக்கியம் வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தாள். துணியில் சுற்றிய இரண்டு முட்டைகள்.

"உன் மெஷின்ல பாரு. எதனால கெட்டதுன்னு சொல்லு. நிறத்தையும் பாரு."

"சரிம்மா" என்றேன்.

"நீ சொல்றதுதான் எனக்கு."

ரயிலில் கூட்டம். பெனி ஸுவைஃப் தாண்டும் முன் ஒரு முட்டை பைக்குள் உடைந்தது. பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் பொட்டலத்தை அப்படியே ஜன்னலுக்கு வெளியே போட்டேன்.

வியாழக்கிழமை அவள் போன் செய்தாள். எறிந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தேன். அந்த ஏப்ரலில் வெப்பக் காற்று சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. மண் அறை, தவிடு, குளிர்சாதனம் இல்லை. பார்க்காமலேயே எழுதக்கூடிய அறிக்கை அது. "பாத்தேன்மா. கிருமிதான். அறைல சூடு அதிகம், தவிடு ஈரம் இழுத்திருக்கு. ஜாடில வெக்கிறதே தப்பு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றேன்.

பிறகு, "நிறம்?" என்றாள்.

"நிறத்துல ஒண்ணுமில்ல."

"சரி. அப்ப என் கைதான்."

அந்தக் கோடையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கி அனுப்பினேன். அதில் அவள் தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்தாள். அடுத்த நோன்புக்கு ஏழு வீட்டில் ஒரு வீடும் முட்டை கொண்டுவரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஜாடிகளை மாடிக்கு ஏற்றிக் கோழிகளுக்கு அடைகாக்கும் இடமாக்கினாள். பிறகு கோழிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டாள். ஃபாயிகாவோடு பேச்சு நின்றுபோனது. ஏன் என்று கேட்டபோது வயசானால் சண்டை வரும் என்றாள்.

கோவில் பாதிரியாரான அபூனாவிடம் போய், தான் செய்த பாவம் எது என்று கேட்டிருக்கிறாள். தெருவின் நோன்பை முடித்துவைக்க வேண்டிய முட்டை தன் கையில் கெட்டது என்றால், கையில் ஏதோ இருக்கிறது என்பது அவள் கணக்கு. முட்டை கெடுவது பாவம் இல்லை என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அது அவளுக்குப் போதவில்லை. தனக்குத் தானே ஒரு தண்டனை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் முட்டை சாப்பிடவில்லை. ஈஸ்டரிலும் இல்லை, மருத்துவர் எழுதிக் கொடுத்தபோதும் இல்லை. ஐந்து வருஷம்.

இறப்பதற்கு முந்திய வருஷம் மட்டும் மனம் மாறிப் பத்துக் குஞ்சு வாங்கினாள். கால்வாய்ச் சாலையில் இருந்த குஞ்சு பொரிப்பகத்தில். அதை நடத்துபவர் முஅல்லிம் வஹ்பா. நாஷித் அவர் மகளைக் கட்டி, இப்போது அங்கே பங்குதாரன். மாடியில் குஞ்சுகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் போனில் சொன்னாள்: "என்னோடது நடக்கிற மாதிரியே நடக்குதுங்கடி." அவளுக்கு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் இறந்தாள். இதயம். மதியம் இறந்து மாலைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கோவில் கூடத்தில் சாப்பாடு. வாசலில் நின்று வருபவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். வஹ்பா வந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார்.

"அவ விட்டுட்டுப் போன ஆயுசு உனக்குச் சேரட்டும், ஹிலானா. ராசியான கை உங்கம்மாவோடது. அந்த நோன்புல வாராவாரம் நாஷித்கிட்ட கொடுத்தனுப்பினாளே முட்டை, நூத்துக்குத் தொண்ணூறு பொரிஞ்சுது. என் பொரிப்பகம் நிலைச்சு நின்னதே அதுலதான். ஒரு தடவகூட வந்து நன்றி சொல்லல நான். அந்தக் குறைதான்."

எந்த நோன்பு என்று கேட்டேன்.

"அதான், மத்தில்தா மகளுக்கு நிச்சயமான வருஷம். வட்டம் போட்டது, கோடு போட்டதுன்னு தெரு முட்டை பூராவும் அனுப்பிட்டா பாவம்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் இன்னும் இருபது பேருக்குக் கை கொடுத்தேன்.

பொரிக்க வைக்கும் முட்டை ஏழு நாளுக்குள் இட்டதாக இருக்க வேண்டும். சேவல் கூடியதாக இருக்க வேண்டும். தெருவின் முட்டை இரண்டு தகுதியும் உடையது, வாராவாரம் ஓரிடத்தில் வந்து சேர்வது. அது பொரிப்பகத்துக்குப் போயிருந்தால் ஜாடியில் இருந்தது எது?

மறுநாள் காலை பொரிப்பகத்துக்குப் போனேன். நாஷித் தட்டுகளில் இருந்த முட்டைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே சூடு, முகமெல்லாம் வேர்வை. உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

"அந்த வருஷம் ஜாடிக்குள்ள நீ என்ன வெச்சே?"

எந்த வருஷம் என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த முட்டையை இடத்தில் வைத்துவிட்டுத்தான் பேசினான்.

"எடுத்ததுக்குச் சரியா வெச்சேன். ஒண்ணுகூடக் குறைக்கல."

"பண்ணை முட்டையா?"

"ஆமா. சின்னதாப் பொறுக்கினேன். வெள்ளையா இருந்துச்சு, நம்மது மங்கலா இருக்குமே. அதான் டீத்தண்ணில முக்கினேன். கொஞ்சம் வினிகர் ஊத்தி. குறியையும் அப்படியே போட்டேன். அம்மா பூசைக்குப் போற நேரம் பார்த்து மேல் அடுக்கை மட்டும் மாத்துவேன். நாலு வாரம்தான்."

"நனைச்சா கெட்டுப்போகும்னு தெரியாதா உனக்கு? அந்த வீட்லதானே வளர்ந்தே?"

"எனக்கெப்படித் தெரியும்? அந்த ரூமுக்கு என்னை எப்ப கூட்டிட்டுப் போனீங்க? முட்டைன்னா முட்டை. ஈஸ்டர்ல வேகவெச்சுத் தின்னுட்டுப் போயிடுவாங்க, யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

அவன் கணக்கில் ஒரு தவறுதான் இருந்தது. ஐம்பத்தைந்து நாள் ஒருவரும் முட்டையை உடைக்க மாட்டார்கள், வாயில் வைக்க மாட்டார்கள். மாற்றியது தெரிய வழியே இல்லை. தெருவில் முட்டையை வெங்காயத் தோலோடுதான் வேகவைப்பார்கள், தண்ணீர் எப்படியும் பழுப்பாகும். சாயமும் தெரியாது. சேவல் கூடாத பண்ணை முட்டை உண்மையில் நாட்டு முட்டையைவிட நாள் தாங்கும். சும்மா மாற்றி வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அழகாக்கப் போய்க் கெடுத்தான்.

அம்மாவிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டேன். நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டேன். வஹ்பா நல்ல இனமாத் தேடிட்டிருந்தார். அவர்கிட்ட எனக்கு ஒரு இடம் வேணும், பொண்ணு கேட்டுப் போக வேணும். அம்மா முடியாதுன்னுட்டா. தெருவோட முட்டையாம். அவ பெத்தது என்னையா, தெருவையா?"

"கெட்டதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

அவன் என்னை நேராகப் பார்த்தான். "சொல்லத்தான் இருந்தேன். நீ போன்ல சொன்னியே, மெஷின்ல பாத்தாச்சு, ஜாடிதான் தப்புன்னு. படிச்ச பொண்ணு நீ. அப்ப நான் பண்ணினதால இல்லபோலன்னு எனக்கும் நிம்மதியாச்சு."

நான் வெளியே வந்துவிட்டேன். அவன் பின்னால் வந்து, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். தெருப் பெண்கள் எல்லோரும் இங்கேதான் குஞ்சு வாங்குகிறார்கள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். செத்தவளுக்கு இனி என்ன குறை என்றான்.

அங்கிருந்து ஃபாயிகா வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷமாக எங்கள் வீட்டுக்குள் வராதவள், அடக்கத்தன்றும் வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போனவள். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாஷித் சொன்னதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "ஈஸ்டர் மறுநா, எல்லாரும் உப்பு மீனும் வெங்காயமும் எடுத்துட்டு ஆத்தங்கரைக்குப் போற அன்னைக்கு, மிச்சமிருந்ததை வேகவெக்கலாம்னு கழுவினேன். உள்ளங்கை பழுப்பாச்சு. மோந்து பார்த்தா டீ. நேரா உங்கம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். உன் வீட்ல யாரு இதைப் பண்ணியிருப்பான்னு உனக்கே தெரியும்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"கோபப்படல. ரெண்டு முட்டைய வாங்கி வெச்சுக்கிட்டா. ஹிலானா வந்திருக்கா, அவ எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டும், அவ சொல்றதை நான் ஏத்துக்கறேன்னா. ஒரு வாரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டு, ஹிலானா பாத்துட்டா, நிறத்துல ஒண்ணுமில்லையாம், இனிமே எம்புள்ள பேரை உன் வாயில எடுக்காதேன்னு சொல்லிட்டா. அதோட சரி."

"நான் பாக்கலை" என்றேன். "ரயில்லேர்ந்து தூக்கி எறிஞ்சிட்டேன்."

ஃபாயிகாவின் விரல்கள் பருப்பில் நின்றன. பிறகு மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள்.

"அப்ப அவ அஞ்சு வருஷம் வாயைக் கட்டினது உன் பொய்க்கு."

ஆமாம் என்றேன். அவள் என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

அம்மா எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. ஒரு பக்கம் முப்பது வருஷத் தோழியின் கண், மறுபக்கம் மகன். நடுவில் நிற்க அவளுக்கு ஒருவர் தேவைப்பட்டார். நான் நிற்பேன் என்று நம்பினாள். நிறத்தைப் பார் என்று சொன்னாள், போனிலும் நிறத்தைத்தான் கேட்டாள். அந்த முட்டையின் ஓட்டில் ஒரு ஈரப் பஞ்சை வைத்திருந்தாலே போதும். உடைத்துப் பார்த்திருந்தாலும் மஞ்சள் கருவின் மேலுள்ள புள்ளியிலிருந்து சேவல் கூடாத முட்டை என்று தெரிந்திருக்கும். மெஷினே வேண்டாம். நாஷித் ஒரு மாதம் அவளை ஏமாற்றினான். நான் ஒரு நிமிஷப் போனில் அதற்கு முத்திரை வைத்தேன். அவன் செய்தது திருட்டு. நான் செய்ததற்கு எங்கள் தொழிலில் பெயர் இருக்கிறது. செய்யாத சோதனைக்கு அறிக்கை எழுதுவது. வேலையில் அப்படிச் செய்திருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அபூனாவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, கடவுள் முன் சொன்னது போதும், வீட்டுக்குப் போ என்றார். கடவுளுக்குப் போதும், தெருவுக்குப் போதாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முற்றத்தில் எல்லோரும் நிற்பார்கள், தான் குறுக்கே வரமாட்டேன் என்றார்.

அது நோன்புக்கு முந்திய ஞாயிறு. மறுநாளிலிருந்து ஐம்பத்தைந்து நாள். முற்றத்தில் ஆளுக்கொரு ஆசீர்வதித்த ரொட்டியை வைத்துக்கொண்டு பெண்கள் தங்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஏழு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். யார் யார் இந்த வருஷம் முட்டையை எங்கே வைக்கப்போகிறார்கள் என்றுதான் பேச்சு. ஒருத்தி மின்யாவில் இருக்கும் தங்கை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். நாஷித் தன் மனைவி பிள்ளைகளோடு ஆண்கள் பக்கத்துக் கதவருகே இருந்தான்.

நான் பெண்கள் நடுவே போய் நின்றேன். தயார் செய்து வைத்திருந்தது நாலு வாக்கியம். அந்த வருஷம் கெட்ட முட்டைகள் உங்கள் கோழி இட்டவையே அல்ல. நாஷித் மாற்றி வைத்த பண்ணை முட்டைகள் அவை. அம்மா என்னிடம் சோதிக்கச் சொன்னாள், நான் சோதிக்காமலே அவள் கைமேல் பழி போட்டேன். அவள் கையில் எந்தக் குற்றமும் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

ஃபாயிகா, "டீச்சாயம். என் கையில ஒட்டுச்சு" என்று பொதுவாகச் சொன்னாள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். குஞ்சு வாங்கிய இன்னொருத்தி தன் மாடியில் ஓடுபவை எதன் வாரிசு என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். நாஷித் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவன் கூட்டத்துக்குள் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "உன்னையும் சேர்த்துத்தான் சொன்னியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சேர்த்துத்தான் சொன்னேன்."

அவன் மத்தில்தாவைப் பார்த்து, "சித்தி, நான் வேணும்னே பண்ணல" என்று ஆரம்பித்தான். மத்தில்தா கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். அவள்தான் அந்த ‘நோன்பு பத்தாது’ வாக்கியத்தை உண்டாக்கியவள். ஐந்து வருஷம் கல்யாணத்திலும் ஞானஸ்நானத்திலும் தெரு அதைச் சொல்லிச் சிரித்தது. அம்மா அந்தச் சிரிப்பில் பலமுறை உட்கார்ந்திருந்திருக்கிறாள். சிரித்தும் இருக்கிறாள்.

"அவ கிட்ட யாருடா சொல்றது இதை?" என்றாள் மத்தில்தா. அவனைத்தான் கேட்டாள், ஆனால் என்னையும் பார்த்தாள்.



அவள் தன் கையிலிருந்த ரொட்டியைப் பிட்டாள். ஃபாயிகாவுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். சுற்றி நின்றவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு. எனக்கும் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். நாஷித் கை நீட்டிக்கொண்டு நின்றான். மிச்சத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவள் வாசலை நோக்கி நடந்தாள்.